இரண்டு வெள்ளி சாலை வரி, இரண்டாயிரம் தலைவலி: அப்பாவின் வெஸ்பாவை மீட்டெடுக்கும் முன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயர் குரோ பக்கம் ஏதாவது ஒரு கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருக்கும்போது பழைய வெஸ்பா ஒன்று வந்து நின்றால், அங்கே நடப்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கார் நின்றாலும் யாரும் தலை நிமிர்வதில்லை. வெஸ்பாவைப் பார்த்தால் மட்டும் இரண்டு பேராவது எழுந்து வருவார்கள். மூன்று கேள்விகள் வரும். "என்ன வருஷம்?" "சாமான் கிடைக்குதா?" "விக்கிறீங்களா?"

மூன்றும் நியாயமான கேள்விகள். பழைய வெஸ்பா ஒன்றை வாங்க நினைப்பவர்களும், அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி வீட்டின் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்து "செய்யலாமா, விற்கலாமா" என்று யோசிப்பவர்களும் பணத்தை இறக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்த மூன்று கேள்விகளுக்குள்ளேயே இருக்கின்றன.

ஜாசின் பக்கம் தோட்டக் கிராணியாக இருந்த என் அப்பாவின் வெஸ்பாவை அவர் இறந்த பிறகு மீட்டெடுத்தவன் என்ற முறையில், நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விமானக்காரர் செய்த மோட்டார்

வெஸ்பா இத்தாலியின் பொந்தெதெரா நகரில் பிறந்தது. பியாஜ்ஜியோ நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே விமானங்கள் செய்தது. குண்டுவீச்சில் தொழிற்சாலை சிதைந்தது. போர் முடிந்ததும் விமானத்துக்கு வேலை இல்லை. சாதாரண மக்களுக்கு மலிவான வாகனம் வேண்டும் என்று முதலாளி என்ரிக்கோ பியாஜ்ஜியோ நினைத்தார். அந்தப் பொறுப்பு கொராதினோ தஸ்கானியோ என்ற பொறியாளருக்கு வந்தது. அவர் ஹெலிகாப்டர் வடிவமைத்தவர். மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காதவர். உட்கார வசதியில்லை, சங்கிலி எண்ணெய் உடையில் படுகிறது, டயர் பஞ்சரானால் மாற்றுவது பெரும்பாடு என்பவை அவருடைய குறைகள்.

அந்தக் குறைகளைத் தீர்க்கப் போய் உருவானதுதான் வெஸ்பா. சங்கிலி கிடையாது, எஞ்சின் பின்சக்கரத்தை ஒட்டியே இருக்கும். முன்சக்கரம் விமானச் சக்கரம் போல ஒரே பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும். அதனால் கழற்றுவது எளிது. கியர் இடது கைப்பிடியில். காலை மறைக்கும் தகடு இருப்பதால் சேறு படாது. 1946 ஏப்ரல் 23-ஆம் தேதி இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. முதல் வண்டி 98 சிசி. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி. இடுப்பு சிறுத்து, பின்புறம் பருத்த உருவமும் அந்த ரீங்காரமும் பெயருக்குப் பொருந்திவிட்டன.

நம் தோட்டங்களில் 1960-களையும் 70-களையும் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். கிராணி, டிரசர், பள்ளி வாத்தியார் என்று வேட்டியோ வெளுத்த கால்சட்டையோ அணிந்து வேலைக்குப் போனவர்கள் ஏன் வெஸ்பாவை விரும்பினார்கள் என்று சொல்வார்கள். செம்மண் சாலையில் போனாலும் உடை அழுக்காகாது. அம்மா சேலையோடு பின்னால் ஒருபக்கமாக உட்காரலாம். முன்னால் கால் வைக்கும் இடத்தில் பிள்ளை நிற்கலாம், அரிசி மூட்டையும் வைக்கலாம். தஸ்கானியோ இத்தாலியப் பாதிரியாரையும் பெண்களையும் மனதில் வைத்துச் செய்தது நம் மண்டோருக்கும் கிராணிக்கும் பொருந்திப் போனது.

"என்ன வருஷம்?" - முதலில் கிராண்ட், பிறகுதான் வண்டி

வருஷத்தைச் சொல்வது வண்டியின் தோற்றமல்ல, அதன் எண். பெரிய உடல் வெஸ்பாக்களில் பக்க மூடிகளைக் கழற்றினால் உடலில் அடித்த எண்ணைக் காணலாம். எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருக்கும். உதாரணத்துக்கு, 1960-களில் வந்த நான்கு கியர் 150 சிசி வண்டியில் "விபிபி1டி" என்று இருக்கும். கடைசி எழுத்தான "டி" உடலைக் குறிக்கும். எஞ்சினில் அதே தொடர் "எம்" என்று முடியும். ஸ்பிரிண்ட் என்றால் "விஎல்பி", 1970-களின் கடைசியில் வந்த பி150எக்ஸ் என்றால் "விஎல்எக்ஸ்" என்று தொடங்கும். இந்த இரண்டு எண்களும் கிராண்டில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் அடித்த இடத்தில் தகடு தேய்க்கப்பட்டிருந்தால், எழுத்துகள் கோணலாக இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு அந்த வண்டி உங்களுடைய தலைவலி மட்டுமல்ல, வழக்காகவும் ஆகலாம்.

கிராண்டே இல்லாத வண்டியை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாங்காதீர்கள். உரிமையாளர் யார் என்று காட்ட முடியாத வண்டிக்குக் காப்புறுதியும் சாலை வரியும் எடுக்க முடியாது. அப்படியானால் அதைச் சாலையில் ஓட்டவும் முடியாது. சாமானுக்காக உடைக்கலாம், அவ்வளவுதான்.

குடும்ப வண்டி என்றால் சிக்கல் வேறு மாதிரி. பெரும்பாலும் கிராண்ட் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றத்துக்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். இறந்தவர் அதைத் தர முடியாது. எனவே வாரிசு என்பதற்கான கடிதம் அமானா ராயாவிடமிருந்தோ நீதிமன்றத்திடமிருந்தோ வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். நான் இதைச் செய்யாமல் முதலில் எஞ்சினைப் பிரித்தேன். பாதி வேலை முடிந்த பிறகுதான் அண்ணன், "அது எனக்கும் அப்பாதானே, என்னைக் கேட்டியா?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. அந்தப் பழைய எம் எண் தகட்டுக்கே ஆசைப்படுபவர்கள் உண்டு என்பது அவருக்கும் தெரியும். வண்டி எட்டு மாதம் பட்டறையில் பிரித்தபடியே கிடந்தது. பணத்தால் அல்ல, பேச்சால்தான் அது தீர்ந்தது. ஆகவே உடன்பிறந்தவர்களை உட்காரவைத்து, "யார் பெயரில் எழுதுவது, நாளைக்கு விற்றால் எப்படிப் பிரிப்பது" என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

பல ஆண்டுகளாகச் சாலை வரி கட்டாமல் கிடக்கும் வண்டியின் பதிவு எந்த நிலையில் இருக்கிறது, ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதையும் ஜேபிஜேயில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே செலவைத் தொடங்குங்கள். எல்லாம் ஒழுங்கானால் ஒரு சின்ன மகிழ்ச்சி காத்திருக்கிறது. 150 சிசி வரையிலான மோட்டாருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளி. 200 சிசி வெஸ்பா என்றால் 30 வெள்ளி. பி2 உரிமம் இரண்டுக்குமே போதும்.

துருதான் முதல் எதிரி

சாதாரண மோட்டாருக்குக் குழாய்ச் சட்டம் இருக்கும். தகடு துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். வெஸ்பாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டம். அதனால் துரு என்பது இங்கே அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

பார்க்க வேண்டிய இடங்கள் சில. கால் வைக்கும் தளத்தில் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வண்டியைச் சாய்த்து, தளத்துக்கு அடியில் ஓடும் குறுக்குத் தாங்கிகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பிரேக் மிதியைச் சுற்றியுள்ள தகடு, பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும் மூலை, பின்சக்கர அதிர்வுத்தாங்கி மாட்டியிருக்கும் இடம் ஆகியவையும் முக்கியம். நம் ஊர் ஈரத்தில் மூடிய இடுக்குகள் உள்ளிருந்தே அழுகும். மேலே பெயிண்ட் பளபளக்கும்.

பளபளப்பைச் சோதிக்க எளிய வழி: குளிர்பெட்டியில் ஒட்டும் சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுக்க நகர்த்துங்கள். எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே தகடு இல்லை, புட்டிதான். வியட்நாமிலிருந்து பல நாடுகளுக்குப் போன "புதுப்பித்த" வெஸ்பாக்களில் பல வண்டிகளின் துண்டுகளை ஒட்டி, புட்டி பூசி விற்றவை உண்டு என்பது உலகெங்கும் வெஸ்பாக்காரர்களுக்குத் தெரிந்த கதை. புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியைவிட, துரு வெளியே தெரியும் வண்டி நேர்மையானது.

தளத்தை வெட்டி மாற்ற வேண்டியிருந்தால், வெட்டுவதற்கு முன் கைப்பிடித் தண்டுப் பக்கத்தையும் இருக்கைப் பக்கத்தையும் ஓர் இரும்புக் கம்பியால் இணைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உடல் கோணிவிடும். பிறகு வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் கனம் அதிகம் என்பது வேறு. அது வண்டியின் பிறவிக் குணம், பழகிவிடும்.

எஞ்சின்: சின்னது, ஆனால் சொல்வதைக் கேளுங்கள்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இல்லை, தனி எஞ்சின் எண்ணெய் இல்லை. பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் பிஸ்டனையும் கிரேங்கையும் காக்கிறது. 1960-களுக்குப் பிந்தைய பெரும்பாலான வெஸ்பாக்களுக்கு 2 விழுக்காடு கலவை. அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ டி எண்ணெய். அதற்கும் முந்தியவை இன்னும் அதிகம் கேட்கும். அவசரத்தில் எண்ணெய் ஊற்றாமல் பெட்ரோல் மட்டும் நிரப்பினால், சில கிலோமீட்டரிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தம்பியோ மகனோ வண்டியை எடுத்துப் போகிறான் என்றால் முதலில் இதைச் சொல்லுங்கள். பிஎக்ஸ் வகைகள் சிலவற்றில் எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து தானாகப் போகும். ஆனால் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தப் பம்பை நம்பாதீர்கள். வேலை செய்கிறதா என்று உறுதியாகும் வரை பெட்ரோலிலும் கலந்தே ஓட்டுங்கள்.

நின்றுபோன வண்டியைக் கிக் அடித்து எழுப்பப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பெட்ரோல் தொட்டியில் துருவும் பிசினும் இருக்கும். அதைக் கழுவி, குழாயையும் பெட்ரோல் திருகையும் மாற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பிளக் துளை வழியே சில சொட்டு எண்ணெய் விட்டு, கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்த பிறகுதான் கிக்.

ஓடத் தொடங்கினால் அதன் குரலைக் கேளுங்கள். கிரேங்கின் இரு பக்கமும் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. காலத்தில் அது கல் போல இறுகிவிடும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்காமல் வரும். கியர் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். மறுபக்கச் சீல் போனால் காற்று உள்ளே புகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாக அலறும். அந்த அலறலோடு ஓட்டினால் பிஸ்டன் வெந்துபோகும். சீலின் விலை சொற்பம். ஆனால் அதை மாற்ற எஞ்சினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்தால் பேரிங், கிளட்ச் தட்டு, கியர் மாற்றும் சிலுவை எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். மீண்டும் பிளப்பதற்கு இன்னொரு கூலி கொடுக்க வேண்டாம். கியர் பெட்டிக்கு எஸ்ஏஇ 30 எண்ணெய் 250 மில்லி போதும்.

மின்சாரத்தில் பழைய 6 வோல்ட் வண்டிகள் பொறுமையைச் சோதிக்கும். எஞ்சினுக்குள் சூட்டில் இருக்கும் கம்பிகளின் உறை பொடிப்பொடியாக உதிரும். காலையில் நன்றாக ஓடும், சூடேறியதும் நிற்கும், ஆறினால் மறுபடி ஓடும். கார்புரேட்டரைப் பத்து முறை கழற்றிப் பயனில்லை. அந்தக் கம்பிகளையும் கண்டென்சரையும் மாற்றினால் பாதித் தொல்லை போய்விடும்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு. வெஸ்பாவின் ரிம் இரண்டு பாதியாகச் செய்து நட்டால் இணைத்தது. காற்றை முழுதாக இறக்காமல் அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும். சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றும் நட்டு வேறு, ரிம்மைப் பிரிக்கும் நட்டு வேறு. எது எது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

"சாமான் கிடைக்குதா?"

கிடைக்கிறது. இதுதான் வெஸ்பாவின் பெரிய பலம். அதற்கு நன்றி சொல்ல வேண்டியது இத்தாலிக்கு மட்டுமல்ல. இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலிருந்து 1971 வரை பியாஜ்ஜியோவின் உரிமத்தில் வெஸ்பா 150 செய்தது. அதன் பிறகு அதே அடித்தளத்தில் சேத்தக் வந்தது. கான்பூரின் எல்எம்எல் நிறுவனம் 1980-களில் பியாஜ்ஜியோவோடு சேர்ந்து பிஎக்ஸ் வகையைச் செய்தது. இந்தோனேசியாவிலும் 1970-களில் வெஸ்பா உள்நாட்டிலேயே பொருத்தப்பட்டது. அதனால் கேபிள், ரப்பர், கிளட்ச் தட்டு, பிஸ்டன் போன்றவை இந்த நாடுகளிலிருந்து மலிவாக வருகின்றன.

மலிவு என்பதிலும் தலைவலி உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சாமான் அரை மில்லிமீட்டர் மாறியிருக்கும். கிரேங்க், பேரிங், ஆயில் சீல், பிரேக் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். அலங்காரப் பொருள், ரப்பர் விரிப்பு, கண்ணாடி ஆகியவற்றில் பார்க்கலாம். பழைய பாகத்தைப் புதியது பொருந்தும் வரை தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது கைப்பேசியில் படம் எடுத்து, நட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எந்த வாஷர் எங்கே என்று யாருக்கும் நினைவிருக்காது.

இதே இத்தாலியின் லம்பிரெட்டாவும் சில வீடுகளில் இருக்கலாம். மிலானின் இன்னோசெந்தி நிறுவனம் 1947-இல் தொடங்கியது அது. அதன் உற்பத்திச் சாதனங்களை 1972-இல் இந்திய அரசின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா வாங்கி லக்னோவுக்குக் கொண்டுபோனது. குழாய்ச் சட்டம் கொண்ட வண்டி என்பதால் துருவைச் சமாளிப்பது கொஞ்சம் எளிது. ஆனால் சாமானும் கைதேர்ந்த மெக்கானிக்கும் வெஸ்பா அளவுக்குக் கிடைப்பதில்லை.

பெயிண்ட் கடைசியில்

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ஆர்வத்தில் முதலில் பெயிண்ட் அடித்துவிட்டு, பிறகு எஞ்சினைப் பொருத்தும்போது கீறி, மறுபடி அடிப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான். முதலில் வண்டி ஓட வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும். சில வாரம் ஓட்டிக் கோளாறுகள் எல்லாம் வெளியே வர வேண்டும். அதன் பிறகு பிரித்துப் பெயிண்ட் அடிக்கலாம். நிறத்தை மாற்றுவதானால் கிராண்டிலும் மாற்ற வேண்டுமா என்று ஜேபிஜேயில் கேளுங்கள்.

அதற்கும் முன் இன்னொரு கேள்வி: அடிக்கத்தான் வேண்டுமா? தொழிற்சாலையில் அடித்த அசல் பெயிண்ட், மங்கியிருந்தாலும், ஒரு முறைதான் இருக்கும். அசல் பெயிண்டோடு இருக்கும் வண்டியைத் தேடுபவர்கள் இன்று அதிகம். எங்கள் வண்டியின் காலடித் தளத்துக்கு மேலே, தகட்டின் உட்புறம், பெயிண்ட் தேய்ந்து உலோகம் தெரிந்த இடம் ஒன்று இருந்தது. நாங்கள் மூவரும் சின்ன வயதில் முறைவைத்து நின்று பிடித்துக்கொண்ட இடம். பட்டறையில் புதுப் பச்சை அடித்து மூடிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை; நான் சொல்லவில்லை. வண்டி வீட்டுக்கு வந்ததும் அண்ணன் குனிந்து முதலில் பார்த்தது அந்த இடத்தைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வண்டியில் அப்படி ஓர் இடம் இருந்தால், பெயிண்ட்காரரிடம் முன்பே காட்டிவிடுங்கள்.

ஓட்டுவது

புதுப்பித்த வண்டி புது வண்டி ஆகிவிடாது. பழைய டிரம் பிரேக் இன்றைய டிஸ்க் பிரேக் போல நிற்காது; இடைவெளி விட்டு ஓட்டுங்கள். 6 வோல்ட் விளக்கு எஞ்சின் வேகம் குறைந்தால் மெழுகுவர்த்தி போல மங்கும். இருட்டிய பிறகு நீண்ட பயணம் வேண்டாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்குக் கட்டணம் இல்லைதான். ஆனாலும் ஆயர் குரோ டோலில் ஏறி லாரிகளுக்கு நடுவே திணறுவதைவிட, ஜாசினுக்கோ டுரியான் துங்காலுக்கோ பழைய சாலையில் போவதே இதற்கு அழகு. பெட்டியில் ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள், ஒரு கியர் கேபிள், சின்ன எண்ணெய்ப் போத்தல் எப்போதும் இருக்கட்டும். நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் திருகை மூடுங்கள். மறந்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் வடிந்து காலையில் கிக் அடித்தே கால் ஓயும்.

இவ்வளவு தொல்லைக்கு என்ன பலன் என்றால், ஒரு சம்பவம் சொல்கிறேன். புக்கிட் காட்டில் விளக்குச் சந்திப்பில் ஒரு மாலை வண்டி நின்றுவிட்டது. ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். கப்சாயில் போன சீனப் பெரியவர் ஒருவர் திரும்பி வந்தார். "வெஸ்பா நி தாவுன் பெராப்பா?" என்று கேட்டுக்கொண்டே பிளக்கைக் கழற்றச் சொன்னார். கரி படிந்திருந்தது. தன் சட்டைப் பையிலிருந்து மணல் தாளை எடுத்துத் தேய்த்துக் கொடுத்தார். இளவயதில் தானும் ஒன்று வைத்திருந்ததாகவும், பிள்ளை படிப்புக்கு விற்றுவிட்டதாகவும் சொன்னார். வண்டி ஓடத் தொடங்கியதும் புகையை ஒரு முறை மூச்சில் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

"விக்கிறீங்களா?"

விற்பதிலும் வெட்கமில்லை. கிராண்ட் ஒழுங்காக இருந்து, எண்கள் ஒத்துப்போய், வாரிசுகள் சம்மதித்து, ஆனால் பணமும் நேரமும் இல்லை என்றால், துரு முழுதாகத் தின்னும் முன் செய்யத் தெரிந்தவர் கையில் கொடுப்பது வண்டிக்கு நல்லது. செய்வதென்று முடிவெடுத்தால், கையிருப்பை ஒரே மாதத்தில் இறைக்காமல், காகிதம், பிரேக், எஞ்சின், மின்சாரம், உடல், பெயிண்ட் என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி மூச்சுவிடலாம்.

எங்கள் வண்டியின் கிராண்ட் இப்போது அண்ணன் பெயரில் இருக்கிறது, சாவி என்னிடம். ஆண்டுக்கு ஒரு முறை 2 வெள்ளியை யார் கட்டுவது என்றுதான் இன்னும் சண்டை.